மார்கழியில் பில், தையில் சாவி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சி.என்.சி. மெஷின் வைத்து உதிரிபாகம் செய்கிறவருக்கு விலை பேச யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அவரிடம் பொருள் வாங்கும் பெரிய கம்பெனி வருடா வருடம் விலையைக் குறைக்கச் சொல்லும். மூலப்பொருள், மெஷின் நேரம், டூல் தேய்மானம், ஸ்க்ராப் விற்ற காசு, பேக்கிங், லாரி வாடகை, லாபம் என்று வரிவரியாகப் பிரித்த காஸ்டிங் ஷீட்டை நடுவில் வைத்துக்கொண்டு, ஒரு பீஸுக்கு இருபது காசு குறைப்பதா கூடாதா என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அதே மனிதர் எண்பது லட்ச ரூபாய்க் காருக்காகக் கிண்டிப் பக்கம் ஷோரூமுக்குப் போனால், கேட்பது ஒரே கேள்விதான்: "ஆன் ரோடு எவ்வளவு?" பதிலுக்கு வரும் ஒற்றை எண்ணில் சில்லறையைத் தள்ளச் சொல்லி, இரண்டு ஃப்ளோர் மேட் சேர்த்து வாங்கிக்கொண்டு, கைகுலுக்கிவிட்டு வருவார்.

விலை பேசத் தெரியாததால் இப்படி நடப்பதில்லை. ஷோரூமுக்குள் நுழையும் முன்பே நாள் குறித்தாகிவிட்டது. ஆவணியில் ஒரு வளர்பிறை முகூர்த்தம், இல்லையென்றால் ஆயுத பூஜை, இல்லையென்றால் தைப் பொங்கலுக்குப் பிறகு. மாங்காடு அம்மன் கோவிலிலோ திருவேற்காட்டிலோ பூஜை, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏற்றுவது, ஊரிலிருந்து வரும் மாமா எல்லாம் முடிவாகிவிட்டது. வாங்குகிறவருக்குத் தேதி கட்டாயம் என்பது தெரிந்த கணத்தில், விற்கிறவர் பேரம் பேசுவதை நிறுத்திவிடுகிறார். ஆகவே ஆடம்பரக் காரைப் பொறுத்தவரை எப்போது வாங்குவது, எவ்வளவுக்கு வாங்குவது என்ற இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை. தேதிதான் விலை.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்தக் கேள்வி எழுவதே ஒரு வரலாற்று வேடிக்கை. 1955இல் காங்கிரஸ் மாநாடு கூடி, சமதர்மப் பாணிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் போட்டது ஆவடியில். அடுத்த பத்தாண்டுகளுக்குள் அதே ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., அம்பத்தூரில் டன்லப், 1964இல் தொழிற்பேட்டை என்று வரிசையாக வந்தன. கார்களுக்கு வேண்டிய பாகங்களைச் செய்யும் ஊரானது இது. ஆனால் காரை விரும்பியபோது வாங்க அன்று வழியில்லை. கார் யாருக்கு, எந்த வரிசையில் போக வேண்டும் என்பதை 1959ஆம் ஆண்டின் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணை தீர்மானித்தது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பேரம் என்று ஒன்று இருந்திருந்தால், முறை வந்தவரிடம் மேலே எவ்வளவு கொடுத்து வண்டியைக் கைமாற்றிக்கொள்வது என்பதாகத்தான் இருந்திருக்கும். இன்று பூவிருந்தவல்லி அலுவலகத்தின் டி.என். 12, அம்பத்தூரின் டி.என். 13 எண்களோடு ஜெர்மன் கார்கள் மதுரவாயல் சந்திப்பில் வரிசைகட்டி நிற்கின்றன. வாங்கும் சுதந்திரம் வந்துவிட்டது. காத்திருந்தால் லாபம் என்ற எண்ணம் மட்டும் இன்னும் ஒட்டவில்லை.

காத்திருப்பின் மதிப்பை 2025 எல்லோருக்கும் காட்டியது. ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் செங்கோட்டையில் ஜி.எஸ்.டி. மாற்றம் வரப்போகிறது என்றார். செப்டம்பர் 3 அன்று ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்தது. செப்டம்பர் 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பெரிய கார்களுக்கு அதுவரை 28 சதவீத வரியோடு இழப்பீட்டு மேல்வரியும் சேர்ந்து, பெரிய எஸ்.யூ.வி.க்கு மொத்தம் 50 சதவீதம், பெரிய செடானுக்கு 48 சதவீதம் என்றிருந்தது. அது 40 சதவீதமாகி, மேல்வரி ஒழிந்தது. ஷோரூம் விலை 1 கோடியாக இருந்த எஸ்.யூ.வி.யைக் கணக்கிட்டுப் பாருங்கள். வரிக்கு முந்தைய விலை 66.67 லட்சம். அதன்மேல் 40 சதவீதம் போட்டால் 93.33 லட்சம். வரிச் சதவீதம் பத்து குறைந்தாலும் விலை குறைந்தது 6.67 சதவீதம்தான் (பத்து லட்சம் குறையும் என்று எதிர்பார்த்துப் போனவர்கள் உண்டு). அதோடு முடியவில்லை. 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குத் தமிழ்நாடு வாங்கும் ஆயுள்கால சாலை வரி 20 சதவீதம். விலை இறங்கியதும் அதுவும் 20 லட்சத்திலிருந்து 18.67 லட்சமாக இறங்கியது. இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 8 லட்சம்.

ஆகஸ்ட் 15க்கும் செப்டம்பர் 22க்கும் இடைப்பட்ட அந்த ஐந்து வாரமும் ஷோரூம்கள் காற்று வாங்கின. அந்த மாதத்தில் பஞ்சாங்கமும் சேர்ந்துகொண்டது. மகாளய பட்சம் செப்டம்பர் 21 அமாவாசையோடு முடிந்தது. மறுநாள் நவராத்திரி தொடக்கம், அன்றே புதிய வரி. பித்ரு பட்சத்தில் புது வண்டி எடுக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர் சொன்னதைக் கேட்டவருக்கு, ஆடிட்டர் சொல்லிக் கிடைத்திருக்கக்கூடிய அதே லாபம் கிடைத்தது. இப்படி எல்லா வருடமும் அமையாது. 2023 நவம்பரில் தமிழ்நாடு சாலை வரியை உயர்த்தியபோது, 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஒரே விகிதமாக இருந்த 15 சதவீதம், ஆடம்பரக் கார்களுக்கு 20 ஆனது. ஐப்பசி மழை நிற்கட்டும் என்று தள்ளிப்போட்டவர் அந்த முறை நஷ்டப்பட்டார். அரசாங்கம் எப்போது என்ன செய்யும் என்று ஊகித்துக் கார் வாங்க முடியாது. வரி குறையும் என்ற அறிவிப்பு வந்த பிறகு அவசரப்படாமல் இருக்க மட்டும் முடியும்.

அரசாங்கத்தை விடுங்கள். வருடா வருடம் தவறாமல் திரும்பிவரும் நாட்காட்டிகள் மூன்று இருக்கின்றன. பஞ்சாங்கம் ஒன்று, கார்க் கம்பெனியின் கணக்கு ஒன்று, வருமான வரிக் கணக்கு ஒன்று. ஒன்றின் நல்ல நாள் மற்றொன்றுக்குக் கெட்ட நாள்.

பஞ்சாங்கத்தின் வெற்று மாதங்கள் ஆடியும் மார்கழியும். ஆடியில் துணிக்கடைகள் தள்ளுபடியால் நிரம்புவதும், பதினெட்டாம் பெருக்கு ஒன்றைத் தவிர கார் டெலிவரி கொடுக்கும் மேடை காலியாகக் கிடப்பதும் தமிழ்நாட்டில் மட்டும் காணக்கூடிய காட்சி. பன்னாட்டுக் கம்பெனிகள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. சிங்கப்பெருமாள்கோவில் மகிந்திரா சிட்டி ஆலையில் பூட்டப்படும் பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸின் நீளமான புதிய மாடலை 2024 ஜூலை 24 அன்று, ஆடி பிறந்த மறுவாரமே, அந்தக் கம்பெனி அறிமுகப்படுத்தியது. நாடு முழுவதற்குமான விற்பனைக் கணக்கில் ஆடி கிடையாது. சென்னை டீலரின் மாதக் கணக்கில் மட்டும் உண்டு. அதுதான் பேரத்துக்கான இடம்.

மார்கழி இன்னும் சுவாரசியமானது. டிசம்பர் நடுவில் பிறந்து ஜனவரி நடுவில் முடியும் அந்த மாதத்துக்குள்தான் கம்பெனிகளின் ஆண்டுக் கணக்கு முடிகிறது. மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ. எல்லாமே ஜனவரி முதல் டிசம்பர் வரையான விற்பனையைத்தான் ஆண்டுக் கணக்காக அறிவிக்கின்றன. 2024இல் இந்தியா முழுவதும் மெர்சிடிஸ் விற்றது 19,565. பி.எம்.டபிள்யூ., மினியையும் சேர்த்து, 15,721. ஆடி கம்பெனி 5,816. இந்தியாவில் ஆண்டுக்கு நாற்பது லட்சத்துக்கும் மேல் கார்கள் விற்கும்போது இவை சொற்பம். இவ்வளவு சிறிய எண்ணிக்கையை நாட்டின் எல்லா டீலர்களுக்கும், பன்னிரண்டு மாதங்களுக்கும் பங்கிட்டால், ஒரு ஷோரூமின் மாத இலக்கில் ஒரே ஒரு வண்டிக்கு என்ன கனம் என்பது புரியும். டிசம்பர் 27ஆம் தேதி மேனேஜர் தாமாகவே போன் செய்து, "சார், இந்த மாசம் பில் பண்ணிட்டா பேசலாம் சார்" என்பது மரியாதைக்காக அல்ல. இலக்கை எட்டினால் கம்பெனி தரும் ஊக்கத்தொகை, அந்த ஒரு வண்டியில் விட்டுக்கொடுப்பதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

விற்கிறவருக்கு வேண்டியது பில்லும் பதிவும்தான். வாங்குகிறவருக்கு நல்ல நாளில் வேண்டியது சாவி. இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மார்கழியில் பில் போட்டு, பதிவு செய்து, இன்சூரன்ஸ் எடுத்து, தை பிறந்ததும் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். அதுவரை வண்டி டீலரின் கூரைக்குக் கீழ் நிற்கும், கீறல் விழுந்தால் அவர் பொறுப்பு என்பதை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஜனவரியில் விலை ஏறுவதும் பெரும்பாலும் வழக்கமாகிவிட்டது. 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து மெர்சிடிஸும் பி.எம்.டபிள்யூ.வும் 3 சதவீதம் வரை ஏற்றின. எண்பது லட்சத்துக்கு அது 2.4 லட்சம். மார்கழியைத் தவிர்ப்பதற்கு நாம் கொடுக்கும் தட்சணை, தள்ளுபடியோடு இந்தத் தொகையும் சேர்ந்தது.

எதிர்வாதமும் உண்டு. டிசம்பரில் வாங்கினால் ஒரே வாரத்தில் 'போன வருஷத்து வண்டி' ஆகிவிடாதா? ஆகும். ஆனால் ஜனவரியில் வாங்கினாலும் அப்படித்தான் ஆகலாம். பதிவுச் சான்றில் பதிவான தேதி தனி, தயாரித்த மாதமும் ஆண்டும் தனி. ஜனவரியில் கையில் வரும் வண்டி அக்டோபரில் ஆலையை விட்டு வந்ததாக இருந்தால், ஐந்து வருடம் கழித்து விற்கும்போது பழைய கார் வியாபாரி பார்ப்பது அந்த அக்டோபரைத்தான். ஆகவே எந்த மாதம் வாங்கினாலும், தயாரிப்பு மாதத்தைக் கேட்டு, அதற்கேற்ப விலை பேச வேண்டும். அதைக் காகிதத்தில் மட்டும் பார்த்தால் போதாது. ஸ்டாக்யார்டுக்குப் போய் டயரின் பக்கச் சுவரில் குனிந்து பார்த்தால் நான்கு இலக்க எண் ஒன்று முட்டை வடிவக் கட்டத்துக்குள் தெரியும். 3524 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் முப்பத்தைந்தாவது வாரம் செய்த டயர். வண்டி அதற்கு முன்னால் தயாராகியிருக்க வழியில்லை. நான்கு டயர்களில் ஒன்றில் மட்டும் எண் வெகுவாக வேறுபட்டால், ஏன் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது நாட்காட்டி ஆடிட்டருடையது. மேற்குப் புறநகரில் இந்த வகைக் கார்கள் பல, சிறுதொழில் நிறுவனத்தின் பெயரிலோ கூட்டுநிறுவனத்தின் பெயரிலோ வாங்கப்படுகின்றன. தொழிலுக்குப் பயன்படும் காருக்கு வருமான வரிச் சட்டம் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் தருகிறது. நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதிதான். மார்ச் 31லிருந்து பின்னோக்கி எண்ணினால் அந்த எல்லைக்கோடு அக்டோபர் 3 அன்று விழுகிறது (லீப் ஆண்டில் 4). 2025இல் ஆயுத பூஜை அக்டோபர் 1. சரஸ்வதியும் வருமான வரித் துறையும் ஒத்துப்போனார்கள். 2024இல் ஆயுத பூஜை அக்டோபர் 11. அன்று சாவி வாங்கியவருக்கு அந்த ஆண்டில் பாதித் தேய்மானம்தான். காரும் சாலை வரியும் சேர்த்து 90 லட்சம் கணக்கில் ஏறியது என்றால், முழுத் தேய்மானம் 13.5 லட்சம், பாதி 6.75 லட்சம். 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு அந்த வருடம் சுமார் 2 லட்சம் கூடுதல் வரி. இது தொலைந்துபோகும் பணம் அல்ல, பின்னால் வரும் வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் பணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மார்ச் கடைசி வாரம் 'டாக்ஸ் சேவ் பண்ண' கார் எடுக்க ஓடுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. வரியில் 30 ரூபாய் மிச்சம் பிடிக்க 100 ரூபாய் செலவழிப்பது எந்த ஊர்ச் சிக்கனம் என்பதும் எனக்கு விளங்கியதில்லை. காருக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கார் வியாபாரம், வாடகை வண்டி, ஓட்டுநர் பயிற்சி போன்ற தொழில்கள் தவிர மற்றவருக்குச் சட்டம் அதை மறுக்கிறது.

இனி கோட்டேஷன். காஸ்டிங் ஷீட் பார்த்துப் பழகியவர் அதே கண்ணோடு இதைப் படிக்க வேண்டும். மேலே ஷோரூம் விலை. அடுத்து 20 சதவீதச் சாலை வரி, பதிவுக் கட்டணம். சாலை வரியிலும் பதிவுக் கட்டணத்திலும் டீலருக்கு உரியது எதுவும் இல்லை. அதற்குக் கீழே டி.சி.எஸ். 1 சதவீதம். 2016 ஜூனிலிருந்து 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு இது உண்டு. எண்பது லட்சத்துக்கு 80,000 ரூபாய். இது செலவே அல்ல, வாங்குகிறவரின் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டு, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடியது. இதைத் தள்ளுபடி செய்கிறேன் என்று யாராவது சொன்னால் நம் பணத்தையே நமக்குக் கொடுக்கிறார் என்று பொருள். பிறகு வருகின்றன கையாளும் கட்டணம், லாஜிஸ்டிக்ஸ், 'எசென்ஷியல் கிட்' முதலிய வரிகள். அரசாங்கம் விதிக்காத, டீலரே எழுதிக்கொண்ட வரிகள் இவை. முதலில் அடிக்க வேண்டியவையும் இவைதான்.

இன்சூரன்ஸ் வரியில்தான் அதிகம் ஒளிந்திருக்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதன் தொகை அரசு நிர்ணயித்தது, எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். மாறக்கூடியது வண்டிச் சேதத்துக்கான பிரீமியம். அதே கவரேஜுக்கு வெளியே இரண்டு கம்பெனிகளில் கோட்டேஷன் வாங்கி மேஜைமேல் வைத்தாலே ஷோரூமின் தொகை இறங்கும். டீலரிடமே காப்பீடு எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தள்ளுபடி எந்த வடிவில் வருகிறது என்பது அதன் அளவைப் போலவே முக்கியம். ஒரு லட்ச ரூபாய் மதிப்புள்ள ஆக்சசரீஸ் என்றால் டீலருக்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவு. அதே ஒரு லட்சம் பில்லில் குறைந்தால் டி.சி.எஸ். குறைகிறது, கடன் தொகை குறைகிறது. சாலை வரி எந்த விலையின் மேல் போடப்பட்டிருக்கிறது என்பதையும் அந்த இடத்திலேயே எழுத்தில் கேட்டுவிடலாம். பழைய வண்டியின் விலையைக் கடைசியில், தனியாகப் பேச வேண்டும். புது வண்டியில் கொடுத்த இரண்டு லட்சத்தைப் பழைய வண்டியில் எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலின் மிகப் பழைய வித்தை.

பேரத்தின் எல்லை எங்கே என்று தெரிய, வண்டி யாருடைய பணத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். டீலர் வங்கிக் கடனில் வண்டியை வாங்கி வைத்திருந்தால், 70 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 52,500 ரூபாய் கரைகிறது. நான்கு மாதமாக நிற்கும் கறுப்பு நிற வண்டியில் இரண்டு லட்சம் ஏற்கெனவே வட்டியாகப் போய்விட்டது. நிறத்தில் பிடிவாதம் இல்லாதவருக்கு அந்த வண்டிதான் வாய்ப்பு. மெர்சிடிஸில் இந்த வழி வேறு. 2021 அக்டோபரில் அந்தக் கம்பெனி இந்தியாவில் நேரடி விற்பனைக்கு மாறியது. வண்டி கம்பெனியுடையது, விலை நாடு முழுவதும் ஒன்று, பில் போடுவதும் கம்பெனியே. ஷோரூம்காரர் முகவர் மட்டும். அங்கே கார் விலையில் மல்லுக்கட்டிப் பயனில்லை. பழைய வண்டியின் விலை, காப்பீடு, சர்வீஸ் பேக்கேஜ் ஆகியவற்றில்தான் பேச இடம்.

மற்ற கம்பெனிகளிலும் டீலர் நினைத்தபடி விலை குறைக்க முடிகிறதா என்பது கேள்விதான். 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்தக் கம்பெனி, தான் அனுமதித்ததைவிட அதிகத் தள்ளுபடி கொடுத்த டீலர்களைக் கண்டுபிடிக்க, வாடிக்கையாளர்போல் ஆட்களை அனுப்பி, பிடிபட்டவர்களுக்கு அபராதம் போட்டது என்பது குற்றச்சாட்டு. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. அது ஆடம்பரக் கார் வழக்கு அல்ல. ஆனாலும் "என் கையில் இல்லை சார்" என்று சொல்லும் விற்பனையாளர் எப்போதும் பொய் சொல்வதில்லை என்பதற்கு அது சான்று. அவர் கையில் இல்லாததைக் கேட்டு நேரத்தைப் போக்குவதைவிட, இருப்பதைக் கேட்பது நல்லது.

வர்த்தக ஒப்பந்தங்களுக்காகக் காத்திருக்கலாமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய-பிரிட்டன் ஒப்பந்தம், 100 சதவீதத்துக்கும் மேலிருந்த கார் இறக்குமதிச் சுங்கத்தை ஒதுக்கீட்டு அளவுக்குள் படிப்படியாக 10 சதவீதமாக்குகிறது. முழுதாகக் கப்பலில் வந்து இறங்கும் காருக்கு இது பெரிய விஷயம். மகிந்திரா சிட்டியிலோ புனே அருகே சாகனிலோ பாகங்களாக வந்து பூட்டப்படும் காருக்கு அவ்வளவு இல்லை. எஞ்சினும் கியர்பாக்ஸும் பூட்டப்படாத பாகத் தொகுப்புக்குச் சுங்கம் ஏற்கெனவே 15 சதவீதத்தை ஒட்டித்தான். 5 சீரிஸோ இ கிளாஸோ வாங்க நினைப்பவர் ஒப்பந்தத்துக்காகக் காத்திருப்பதைவிட, அடுத்த தலைமுறை மாடல் எப்போது வருகிறது என்று பார்ப்பது மேல். 2024 அக்டோபரில் புதிய இ கிளாஸ் வந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் பழைய இ கிளாஸை வாங்கியவர் சில வாரங்களிலேயே பழைய உருவத்தை ஓட்டுகிறவர் ஆனார். கம்பெனியே நல்ல தள்ளுபடி கொடுத்திருந்தால் அதில் தவறு ஏதுமில்லை. கொடுக்காதிருந்தால் ஏமாந்தார்.

டிசம்பர் பேரத்தில் இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்து மெஷின்கள் மூழ்கின. ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் தெருக்களில் வெள்ளம் தேங்கியது. வருடக் கடைசித் தள்ளுபடியும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே காலத்தில் வருவதால், ஸ்டாக்யார்டில் திறந்தவெளியில் நின்ற வண்டியைக் கண்ணால் பார்க்காமல் முழுப் பணம் கட்டக் கூடாது. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சீட்டின் அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னிக் குழியில் மண் கோடு, புது வண்டிக்கு ஒவ்வாத வாசனைத் திரவியம் எது இருந்தாலும் வேறு வண்டி கேட்க வேண்டும். காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவரேஜ் இல்லாவிட்டால், தேங்கிய நீரில் ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் நீர் ஏறியதால் வந்த சேதத்தைச் சாதாரண பாலிசி பெரும்பாலும் ஏற்காது. சி.டி.எச். (சென்னை-திருவள்ளூர்) சாலையில் தினமும் போய்வருகிறவர் பிரீமியத்தைக் குறைக்க அந்த வரியை அடிக்கச் சொல்வது வேண்டாத சிக்கனம். சேஸிஸ் எண் பில்லில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று வண்டியிலேயே பார்த்து, அதைப் போட்டோ எடுத்துக்கொண்ட பிறகு மீதிப் பணத்தைக் கட்டினால் போதும்.